பாதி ஜெபம்

“மச்சான், உள்ள ஓடு! ஐஸ் ரூமுக்கு ஓடு!”

கத்துவது ஜெயசீலன். ஓடுகிறேன். செவ்வாய்க்கிழமை. காலை பதினொன்றே முக்கால். முதல் குண்டுக்குத் தகரம் கிழிகிற சத்தம். இரண்டாவதற்குச் சத்தமே இல்லை, காது அடைத்துவிட்டது. இருவரும் உள்ளே விழுகிறோம். இரும்புக் கதவு சாத்திக்கொள்கிறது. வெளியே கூரை சரிந்து கதவை அடைத்துக்கொள்கிறது. கரண்ட் போகிறது.

அது அயல்நாட்டுத் துறைமுகத்தில் ஒரு மீன் கிடங்கு. நாட்டின் பெயரை எழுத மாட்டேன். நம் ஆட்கள் இன்னும் அங்கே வேலை பார்க்கிறார்கள். நான் முருகையன். கடலூர் பக்கத்துக் குப்பத்தில் மீனவன் மகன். ஜெயசீலனுக்குச் சிதம்பரம். கிறிஸ்தவர். தினமும் வேலைக்கு முன்னால் தொப்பியைக் கழற்றிவிட்டு ஜெபம் பண்ணுவார். “உன் ஆளு இன்னிக்கு லீவா மச்சான்?” என்று தினமும் கிண்டல் பண்ணுவேன். சிரித்துக்கொள்வார்.

அவர் வயிற்றில் தகரத் துண்டு ஏறியிருந்தது. இருட்டில் கை வைத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். என் ரேடியம் கடிகாரத்தின்படி புதன் சாயங்காலம் ஐந்தரைக்கு இறந்தார். அதுவரை ஜெபம் பண்ணினார். பண்ணிக்கொண்டே அழுதார். பயமா இருக்குடா என்றார். என் கையை விடவில்லை.

பிறகு ஒன்பது நாள் நான் மட்டும். ஐஸ் உருகியது. டன் கணக்கில் மீன் அழுகியது. ஜெயசீலனும். எழுதவே கூசுகிறது. உருகிய தண்ணீரில் மீனின் கொழகொழப்பு மிதந்தது. அதைத்தான் குடித்தேன். வாந்தி எடுத்தேன். மறுபடி குடித்தேன். இன்றைக்கும் எங்கள் வீட்டில் மீன் குழம்பு வைத்தால் வெளியே போய்விடுகிறேன்.

நான்காம் நாள், பேச ஆளில்லாமல் பைத்தியம் பிடிக்கப் பார்த்தது. அவர் தினமும் சொன்ன ஜெபம் ஞாபகம் வந்தது. பாதிதான் தெரியும். கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தவனுக்கு எப்படி முழுசாகத் தெரியும்? அந்தப் பாதியையே திரும்பத் திரும்பச் சொன்னேன். கதவு திறக்கவில்லை. நாற்றம் போகவில்லை. ஆனால் யாரோ கேட்கிறார் என்று தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். நான் தனியாக இல்லை. அவ்வளவுதான். பதினோராம் நாள் வெள்ளிக்கிழமை கதவை வெட்டி என்னை வெளியே இழுத்தார்கள்.

ஊர் திரும்பினேன். சிதம்பரத்தில் ஜெயசீலன் போன சபைக்கே போக ஆரம்பித்தேன். இரண்டே மாதத்தில் வாசலில் என் படம் போட்ட பேனர். ‘அற்புத சாட்சிக் கூட்டம்’. பாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“பிரதர், நீங்க கூப்டீங்க, அவரு காப்பாத்துனாரு. அத மட்டும் சொல்லுங்க. ஜெயசீலன் பிரதர் சமாதானமா போனாருன்னு முடிச்சிடுங்க. மத்ததெல்லாம் சொன்னா ஜனங்க சோர்ந்துபோயிடுவாங்க.”

தலையாட்டினேன். என் மேலேயே எனக்கு அருவருப்பு, இந்தத் தலையாட்டலுக்காகத்தான்.

மைக்கைப் பிடித்தேன். இரண்டாவது வரிசையில் எஸ்தர். ஜெயசீலனின் மனைவி. நான் கூப்பிட்டதால் பிழைத்தேன் என்றால், கூப்பிட்டுக்கொண்டே செத்தவருக்கு என்ன அர்த்தம்? அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது?

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சபை ‘ஸ்தோத்திரம்’ சொன்னது. “ரெண்டாவது நாளு ஜெயசீலன் செத்துட்டாரு” என்றேன். அதற்கும் ஸ்தோத்திரம். பழக்கதோஷம். ஒருவர் கையைக்கூடத் தூக்கினார். மேடையில் பின்னணியாக வாசித்துக்கொண்டிருந்த கீபோர்டு நிற்கவில்லை. எனக்கு ஐஸ் ரூம் நாற்றமே தேவலாம் போல இருந்தது.

“ஜெபம் பண்ணவரு செத்தாரு. கிண்டல் பண்ணவன் பொழச்சேன்” என்றேன். “அவரு அழுதாரு. பயந்தாரு. கடைசிவரைக்கும் பயந்தாரு.”

கீபோர்டு நின்றது. பாஸ்டர் மைக்குக்குக் கை நீட்டினார். கொடுத்துவிட்டு வெளியே போய்ச் செருப்பைத் தேடினேன். பின்னாலேயே எஸ்தர் வந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

“நெசமாவே பயந்தாராண்ணே?”

“ஆமாம்மா.”

“சமாதானமா போனாருன்னே எல்லாரும் சொன்னாங்க. எனக்குத் தெனமும் பயமா இருக்கு. எனக்குத்தான் விசுவாசம் இல்லன்னு யாருகிட்டயும் சொல்லாம கெடந்தேன்.”

அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதாள். நானும் உட்கார்ந்தேன்.

கிடங்கில் பதினான்கு பேர் இருந்தோம். ஒன்பது பேர் செத்தார்கள். மூன்று பேர் என்ன ஆனார்கள் என்று தெரியாது. திரும்பியவர்கள் இரண்டு பேர். என் இடது காது போயிற்று. ஜெயசீலனின் உடல் வரவில்லை. வயது நாற்பத்தொன்று. இரண்டு பெண் பிள்ளைகள். ஜெபம் பண்ணிக்கொண்டே செத்தார். பயந்துகொண்டே செத்தார். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.