கூடாரத்துக்கு வந்த மச்சான்

அக்டோபர் கடைசி. இருட்டுகிற நேரம். வயோமிங்கில் மரங்கள் முடிந்து வெறும் பாறை தொடங்குகிற உயரம்... அங்கே ஒரு குதிரைத் தடத்தில் லாமார் தனியாகக் கூடாரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். சிரிக்காதீர்கள். அடுப்புக் கதவைக் கொஞ்சம் சாத்திவிட்டுக் கேளுங்கள். லாமார் யாரோ இல்லை. என் நண்பன் கிளைடின் தங்கை ஆர்டித்தைக் கட்டியவன்.

மான் வேட்டைக்கு வந்த இருவரும் அன்று விடியும்போதே பிரிந்து போயிருந்தார்கள். கிளைடு மேல் பள்ளத்துக்கு. லாமார் கீழ்க் காட்டுக்கு. கழுதை மாதிரி நீண்ட காதுள்ள மான்கள் பனிக்குப் பயந்து இறங்கும் சமயம். அதில் ஒரு கிழட்டு ஆண் மான்... கொம்பு மட்டும் ஒரு கதவை அடைக்கும். கோடையிலிருந்தே லாமார் அதைத் தொலைநோக்கியில் பார்த்து வைத்திருந்தான்.

"அது என்னுது மச்சான். தொட்டுராத."

"ஏன், கொம்புல உன் பேரா எழுதியிருக்கு?" என்று சிரித்துக்கொண்டேதான் கிளைடு போனான்.

பொழுது சாயும்போது மேலே ஒரே ஒரு வெடிச் சத்தம். லாமாருக்கு வயிறு எரிந்தது.

அடுப்பு மூட்டி, பீன்ஸைச் சுட வைத்துக் காத்திருந்தான். நன்றாக இருட்டிய பிறகு கூடார வாசல் கித்தான் விலகியது. கிளைடு. நேராக வந்து அடுப்பருகே உட்கார்ந்தான்.

"சுட்டியா?"

"இல்ல."

"சத்தம் கேட்டுச்சே."

கிளைடு அடுப்பையே பார்த்தான். தோளில் துப்பாக்கி இல்லை.

"துப்பாக்கி எங்க மச்சான்?"

"மேல இருக்கு."

கிளைடின் செத்துப்போன அப்பாவின் துப்பாக்கி அது. அதை மலையில் போட்டுவிட்டு வருகிற ஆளா கிளைடு? மானைச் சுட்டு எங்கோ மறைத்துவிட்டான், காலையில் நைசாகப் போய் எடுக்கப் பார்க்கிறான்... லாமார் அப்படித்தான் நினைத்தான். தட்டை நீட்டினான். வந்தவன் தொடவில்லை. அவனிடம் வியர்வை நாற்றமில்லை, குதிரை வாடையில்லை. ஈரக் கல்லின் வாடை மட்டும். வெளியே குதிரைகள் கயிற்றை இழுத்து இழுத்துச் சீறின.

அப்போதுதான் லாமார் தொப்பியைக் கவனித்தான். விளிம்பு முழுக்கப் பனி. அடுப்பு செக்கச்சிவந்து கிடக்கிறது... அந்தப் பனி உருகவில்லை. ஒரு சொட்டுகூட.

அந்த நேரம் பார்த்து, மேலே... டுமீல். கொஞ்சம் இடைவெளி. டுமீல். மறுபடியும் டுமீல்.

மூன்று வெடி என்றால் ஆபத்து, வா என்று அர்த்தம். அந்த மலையில் அன்று இவர்கள் இருவரைத் தவிர வேறு ஆளே கிடையாது.

வந்தவன் தலையைத் தூக்கவில்லை.

"போகாத மாப்ள. அது நான் இல்ல."

கிளைடின் குரல்தான். அதே கரகரப்பு. லாமார் முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நகர்ந்து வெளியே வந்தான். சேணம்கூடப் போடாமல் குதிரையில் தாவி ஏறினான்.

பாறைச் சரிவில் டார்ச் அடித்தபோது கிளைடு கிடந்தான். இரண்டு பாறைகளுக்கு நடுவே கால் மாட்டி, முறிந்து. துப்பாக்கி முனை லாமாரின் நெஞ்சுக்கு நேராக இருந்தது.

"அங்கயே நில்லு!"

"நான்தான் மச்சான். லாமார்."

"அப்ப இவ்வளவு நேரம் எம் பக்கத்துல உக்காந்திருந்தது யாருடா?"

லாமார் டார்ச்சைத் தன் முகத்தில் அடித்துக் காட்டினான். கிளைடு நம்பவில்லை.

"இருட்டினதுலேர்ந்து இங்கதான் இருந்த. தூக்கி விடுடான்னா தூக்கல. சுடாத, சுட்டா வேற எவனோ வருவான்னு சொல்லிக்கிட்டே இருந்த. எந்திரிச்சு அந்தப் பக்கம் போன... அப்பதான் சுட்டேன்."

"உன் தங்கச்சி சுடுற கல்லு மாதிரி ரொட்டியால மண்டையில ஒண்ணு போட்டாத்தான் நம்புவியா?" லாமார் அழுதுகொண்டே கத்தினான்.

கிளைடு சிரிக்கவில்லை. ஆனால் துப்பாக்கி மெல்லத் தாழ்ந்தது. விரல் மட்டும் விசையை விடவில்லை. பாறையை நெம்பும்போதும், குதிரையில் ஏற்றும்போதும், தார்ச் சாலை வரும்வரைக்கும். கூடாரத்தின் பக்கமே அவர்கள் போகவில்லை.

கால் பிழைத்தது. தாங்கித் தாங்கி நடக்கிறான். ஆனால் லாமாரின் வண்டியில் மட்டும் ஏற மாட்டான். தங்கை வீட்டு விருந்துக்கும் போவதில்லை. "என்னைத் தூக்கிட்டு எறங்கினது யாருன்னு எனக்கு இன்னும் நிச்சயமில்ல" என்று ஒருநாள் என்னிடம் சொன்னான்.

எனக்கு எரிச்சலாக வந்தது. உயிரைக் காப்பாற்றியவனைப் போய்... இறங்கி வந்தவன் அதே லாமார்தானா, ஆர்டித்திடமே கேட்டுவிடலாம் என்று அவர்கள் வீட்டுக்குப் போனேன். லாமார் நன்றாகத்தான் பேசினான். காபி ஊற்றிக் கொடுத்தான். அவன் விறகெடுக்கப் போன சமயம் பார்த்து ஆர்டித்திடம் மெதுவாகக் கேட்டேன். அவள் வாசலை எட்டிப் பார்த்தாள். என் கையைப் பிடித்துப் பின்னறைக்குக் கூட்டிப் போனாள்.

பிள்ளைகளோடு அவள் இப்போது அங்கேதான் படுக்கிறாள். கதவில் மேலிருந்து கீழ்வரை புதுத் தாழ்ப்பாள்கள்... எல்லாம் உள்பக்கம்.