இடப்பக்கத்துக் கை

என் மோரிஸ் மைனர் இடதுபக்கம் திரும்பாது என்று நம் சங்கத்தில் ஒரு கேலி உண்டு. அது தவறு. திரும்பும். திரும்பப்போவதை முன்கூட்டிச் சொல்லாது, அவ்வளவுதான்.

1951-இல் வந்த வண்டி. மினுக்கும் விளக்கு அதில் கிடையாது. கதவுக்குப் பின்னால் ஒரு சிறு கை மடங்கிக் கிடக்கும். சுவிட்சைத் திருப்பினால் ஆரஞ்சு நிறத்தில் வெளியே நீளும். என் வண்டியில் வலக்கை இருந்தது. இடக்கை ஒன்பது வருடமாக இல்லை.

இந்த விளக்கத்தைப் பழங்கார் உரிமையாளர் சங்கத்தின் விசாரணைக் குழுவுக்கு எழுதுகிறேன். சோழவரம் அணிவகுப்பன்று, இப்போது என் வண்டியில் இருக்கும் இடக்கை போலி என்று பழவேற்காடு ஹனீப் புகார் கொடுத்தார். எனக்குப் பத்து மதிப்பெண் கழிக்கப்பட்டது. கோப்பை அவருடைய ஃபியட்டுக்குப் போனது. "இன்னா துளசிராமன் சார், சிப்காட்ல ஊத்துன கையா?" என்று அவர் எல்லோர் முன்னாலும் கேட்டார். கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலை ஒன்றில் கொள்முதல் மேலாளர் நான். ஆதாரம் கையில் இல்லாமல் பேசுவது என் வழக்கமல்ல.

2003-இல் ஆலை அலுவலகத்துக்கு இன்டர்நெட் வந்தது. வெளிநாட்டு ஏலத் தளம் ஒன்றில் தேட ஆரம்பித்தேன். முதலில் வந்து சேர்ந்தது இன்னொரு வலக்கை. அடுத்தது வழியில் ஒடிந்து வந்தது. மூன்றாவதைக் கடைசி நொடியில் பர்மிங்காம்காரர் ஒருவர் தட்டிக்கொண்டு போனார். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். விற்கும் காரணம் என்ற இடத்தில் எல்லோரும் ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள். அப்பா காலமானார். கணவர் காலமானார். மாமா காலமானார். நம் வண்டிகளின் பாகங்கள் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் சந்தைக்கு வருகின்றன. குழுவினர் அறியாததல்ல.

2005-இல் பழைய கார்களுக்கான இணையக் களம் ஒன்றில் காயத்ரி என்ற பெங்களூர்ப் பெண் தன் அப்பாவின் வண்டியைப் படம் பிடித்துப் போட்டிருந்தாள். நெல் மூட்டைகளுக்கு நடுவே ஒரு மோரிஸ் மைனர், இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு. ஊர் ஆரம்பாக்கம். நான் பர்மிங்காமில் தேடிக்கொண்டிருந்தது என் ஆலையிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில் இருந்தது.

காயத்ரியின் அப்பா சுப்பராயனுக்கு அப்போது எழுபத்து நான்கு வயது. நிலக்காரர், மரியாதையான மனிதர். கேட்டதும் நேராகச் சொல்லிவிட்டார்.

"தோ பாரு நைனா, நான் உசுரோட கீறவரைக்கும் இதுல ஒரு ஸ்க்ரூ கூட கழட்ட உடமாட்டேன். அப்பால வேணும்னா எட்துக்கினு போ."

இணையத்தில் வாங்கும் எந்தப் பொருளுக்கும் எத்தனை நாளில் கைக்கு வரும் என்று போட்டிருப்பார்கள். இவர் போடவில்லை.

அவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. நான் போவதற்கு முன்பே இருந்தது. ஒருவர் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்று வளர்க்கப்பட்டவன் நான். ஞாயிறுதோறும் அரைக் கிலோ ஜாங்கிரி கொண்டுபோனேன். அவர் மனைவி ஜானகியம்மாள் வருகிறவர்களின் பையை வாசலிலேயே சோதிப்பார் என்பதால், இங்கிலாந்திலிருந்து பாகங்கள் வந்த அட்டைப்பெட்டிகளைப் பயன்படுத்தினேன்.

"இன்னா சார் பொட்டி?"

"கார்புரேட்டர்மா."

"இந்தக் கருமத்தத்தான் ரெண்டு பேரும் கொஞ்சிக்கினு கீறீங்க. துன்ற பொருளா இல்லாங்காட்டி சரி."

சுப்பராயன் வண்டிக்குள் உட்கார்ந்து சாப்பிடுவார். "கார்புரேட்டர் இன்னிக்கி நல்லா ஊறிக்கீது நைனா," என்று சிரிப்பார். நான் அந்த நேரத்தில் இடக்கையைத் துணியால் துடைத்துக்கொண்டிருப்பேன்.

முதல் வருட முடிவில் அவருடைய கால் பெருவிரலை எடுத்தார்கள். தை பிறப்பதற்குள் பாதம் போயிற்று. மருத்துவமனையில் இருந்த வாரங்களில் நான் போகவில்லை. வெளித் தின்பண்டத்துக்கு அங்கே அனுமதி இல்லை, விதியை மீறுவது எனக்குப் பிடிக்காது. வீடு திரும்பியதும் அரைக் கிலோவை ஒரு கிலோ ஆக்கினேன். ஜானகியம்மாள் என்னைத் தனியே அழைத்தார்.

"யாரோ துன்றதுக்குக் குட்க்கிறாங்க சார். நீங்க சொன்னா கேப்பாரு. கொஞ்சம் எட்துச் சொல்லுங்க."

சொன்னேன். வாய் நிறைய இருந்ததால் அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

2007 ஆவணியில் காலமானார். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். ஜானகியம்மாள் இடக்கையைத் துணியில் சுற்றி என்னிடம் நீட்டினார்.

"போன தையிலயே உங்களுக்குக் குட்த்துடலாம்னு சொல்லிக்கினே இருந்தாரு சார். வாரம் தவறாம வராரே பாவம்னு. நீங்கதான் அப்பால ஒரு வாட்டி கூட கேக்கலியே."

இது வாய்வார்த்தை. எழுத்தில் இல்லாததால் ஆதாரங்களில் நான் சேர்க்கவில்லை.

அன்பளிப்பாக அதை வாங்கவும் மறுத்துவிட்டேன். பாகம் எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கு எழுத்துச் சான்று வேண்டும் என்கிறது நம் சங்க விதி. காயத்ரியிடம் சொல்லி இணைய ஏலத்தில் போட வைத்தேன். அவள் அழுதுகொண்டே தட்டச்சு செய்தாள். இரண்டு எழுத்துப்பிழைகள் உள்ளன, திருத்தவில்லை. வேறு யாரும் ஏலம் கேட்கவில்லை. அந்தப் பக்கத்தின் அச்சுப் பிரதி இணைப்பு ஒன்று. விற்கும் காரணம்: அப்பா காலமானார். இணைப்பு இரண்டு, மிட்டாய்க் கடை ரசீதுகள், தொண்ணூற்றாறு.

ஹனீப் தம் புகாரில் எழுதியிருக்கிறார்: ‘சுப்பராயனிடம் நானும் ஒருமுறை கேட்டேன். உயிரோடு இருக்கும்வரை தரமாட்டேன் என்றார். ஆகவே துளசிராமனிடம் இருப்பது போலி.’ தர்க்கம் சரியானது. சுப்பராயன் இறந்தது மட்டும் ஹனீபுக்குத் தெரியாது. அவரைக் கொன்றது நான்தான். வேறு யாருக்கும் அதில் பங்கில்லை.

ஜாங்கிரிகூட அசல் நெய்யில் செய்தது. போலியை நான் தொடுவதில்லை. கழித்த பத்து மதிப்பெண்ணைத் திருப்பித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.