முப்பத்தொன்பது விலகிக்கொண்டார்

எவ்வளவு படித்தவர்களாக இருந்தாலும் கோப்புக்குப் பெயர் வைக்கத் தெரிவதில்லை. ‘கடைசி’, ‘கடைசி புதிது’, ‘இதுதான் கடைசி’ என்று வைப்பார்கள். பிறகு எது கடைசி என்று கேட்டு என்னிடம் வருவார்கள். நீங்களும் அப்படித்தான் முதல்முறை வந்தீர்கள், டாக்டர். பல்கலைக்கழக நூலகத்தின் கீழ்த்தளத்தில், நகலெடுக்கும் இயந்திரங்களைத் தாண்டி இருக்கும் என் அறைக்கு, மடிக்கணினியைக் கைக்குழந்தை போல அணைத்துக்கொண்டு.

உங்களை எனக்கு அன்றே பிடித்துப்போயிற்று. ஆய்வுத் தரவை மூன்று பிரதிகளாக வைக்கச் சொன்னேன், வைத்தீர்கள்; மூன்றாவதைத் திறக்காத காப்பாக என்னிடம் விட்டீர்கள். பங்கேற்பவர்களின் பெயர்ப்பட்டியலை என்னிடம் கொடுத்துவிட்டு வெறும் எண்களோடு வேலை செய்யச் சொன்னேன், செய்தீர்கள். எந்த எண் யார் என்பது எனக்கு மட்டும் தெரியும். எந்த இதயம் எப்படித் துடிக்கிறது என்பது உங்களுக்கு மட்டும் தெரியும். இரண்டும் ஒருவர் கையில் சேரக் கூடாது. என் வேலையே அதுதான்.

ஆரோக்கியமான ஆட்கள் போதவில்லை என்று நீங்கள் வருத்தப்பட்டபோது அத்தானிடம் கேட்டேன். அக்காவின் கணவர். உடனே ஒத்துக்கொண்டார். செவிலியர் அவர் மார்பில் துடிப்பைப் பதியும் கருவியை ஒட்டி அனுப்பினார். அதோடு அன்று மாலை என் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். அடுத்த தெருதான். பெரும்பாலும் இரவுச் சாப்பாடு எங்களுக்கு ஒன்றாகத்தான்.

“ஏன் மச்சான், என் மனசுல யாரு இருக்கான்னு இதுல தெரிஞ்சிடுமா?”

“மனசுன்னு ஒண்ணு இருந்தாத்தானே தெரியும். பேசாம சாப்பிடுங்க” என்றாள் அக்கா.

அவர்கள் மகள் அப்பாவின் சட்டைக்கு மேலே காதை வைத்துப் பார்த்தாள். “மாமா, இது பாடுமா?”

சாப்பிட்டுக்கொண்டே அத்தான் சொன்னார், வேலை கிடைத்திருக்கிறது என்று.

“கொஞ்சம் தூரம், மச்சான்.”

“எவ்வளவு தூரம்?”

“விமானத்துலதான் போகணும். நீ லீவு போட்டுட்டு வந்து எங்களோட இரு.”

அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. என் தட்டைப் பார்த்து, “இன்னும் கொஞ்சம் போட்டுக்கோடா” என்றாள். அப்பா அம்மா போனபிறகு என்னை வளர்த்தவள் அவள். எனக்காகவே கல்யாணத்தைத் தள்ளிப்போட்டவள். மகிழ்ச்சி என்று சொன்னேன். சொல்ல வேண்டியதுதானே.

பயணத்துக்குச் சீட்டு எடுத்தார்கள். வீட்டுச் சாமான்களை விற்கத் தொடங்கினார்கள். அக்கா தன் தையல் இயந்திரத்தை என்னிடம் கொண்டுவந்து வைத்தாள். “இதை யாருக்கும் குடுத்துடாதே” என்றாள். அந்த வாரம்தான் நீங்கள் ஓடிவந்தீர்கள். மூச்சு வாங்கியது உங்களுக்கு.

“சார், முப்பத்தொன்பது யாருன்னு பாக்கணும். தூக்கத்துல துடிப்பு தடுமாறுது. இப்படியே விட்டா ஏதோ ஒரு ராத்திரி நின்னுடும்.”

“அவ்வளவு மோசமா?”

“கண்டுபிடிச்சுட்டா பயமே இல்ல, சார். ஒரு சின்னக் கருவி உள்ள வெச்சுட்டா நம்மளையெல்லாம் விட அதிக நாள் இருப்பார். பிள்ளைங்க இருந்தா அவங்களையும் பாக்கணும். இது வழிவழியா வர்றது.”

இப்படி ஒன்று வந்தால் பட்டியலைத் திறக்க விதி இடம் கொடுக்கிறது. திறந்தேன். முப்பத்தொன்பதுக்கு நேராக அத்தானின் பெயர் இருந்தது. மூடினேன். மறுநாள் சொல்கிறேன் என்று உங்களை அனுப்பினேன். ஒரு தேநீர் குடித்தேன். நான் அவசரப்பட்டு எதையும் செய்பவன் அல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

மறுநாள் நான் உங்களிடம் சொன்ன வாசகம் நினைவிருக்கும். முப்பத்தொன்பது ஆய்விலிருந்து விலகிக்கொண்டார். விலகியவரைத் தேடிப் போகக் கூடாது. அவருடைய தரவை அழித்துவிட வேண்டும்.

“உயிர் விஷயம், சார்.”

“அவர் வேற டாக்டரைப் பாத்துட்டு இருக்கலாம், மேடம். அதனாலகூட விலகியிருக்கலாம். நமக்கென்ன தெரியும்?”

“அப்போ அவருக்குத் தெரியும்னு சொல்றீங்களா?”

“தெரிஞ்சிருக்கும்.”

என் முன்னாலேயே அழித்தீர்கள். பொத்தானை அழுத்தும் முன் என்னை ஒருமுறை பார்த்தீர்கள். நான் தலையசைத்தேன். அதன்பிறகு நீங்கள் அவரைப் பற்றிக் கேட்டதே இல்லை. விலகியவரைப் பற்றிக் கேட்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தவன் நான்தானே.

அத்தான் பயணத்துக்கு முந்திய வாரம் தூக்கத்தில் போனார். காலையில் அக்கா தொட்டு எழுப்பியிருக்கிறாள். மாரடைப்பு என்று எழுதிக்கொடுத்தார்கள். ஒரு விலகலைப் பதிவு செய்தேன் என்றுதான் இதுவரை எனக்குள் சொல்லிவந்தேன். இன்று நேராகச் சொல்லிவிடுகிறேன். இறந்துவிடுவார் என்று தெரிந்துதான் அதைச் சொன்னேன்.

அக்காவும் குழந்தையும் என் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். அத்தானின் சட்டைகளை அக்கா என் அலமாரியில் அடுக்கினாள். “உனக்குச் சரியாத்தான் இருக்கும்” என்றாள். போட்டுக்கொள்கிறேன். மார்புப் பக்கம் மட்டும் கொஞ்சம் தளர்வு. வருகிறவர்களிடமெல்லாம் அக்கா சொல்வாள்: “தம்பி மட்டும் இல்லேன்னா நாங்க என்ன ஆகியிருப்போமோ.” அப்போது நான் எழுந்துபோய்த் தண்ணீர் குடிப்பேன்.

நீங்கள் உங்கள் பிரதிகளை அழித்தீர்கள். மூன்றாவது என்னிடம் இருந்தது. அதை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. என் பொறுப்பில் எதுவும் தொலைந்ததில்லை. மதிய இடைவேளையில் திறந்து பார்ப்பேன். எங்கே தூங்கினார், எங்கே படியேறினார் என்று கோட்டைப் பார்த்தே சொல்வேன். முதல் நாள் மாலை ஓர் இடம் இருக்கிறது. சாப்பிட உட்கார்ந்த நேரம். துடிப்பு ஏறுகிறது. படியேறும்போதுகூட அப்படி ஏறியதில்லை. என்னிடம் எப்படிச் சொல்வது என்று பயந்திருக்கிறார். பிறகு மெல்ல இறங்கி அமைதியாகிறது. மகிழ்ச்சி என்று நான் சொன்ன இடம் அதுவாகத்தான் இருக்கும். அந்த இடத்தை நான் தாண்டிப் போனதே இல்லை. மறுபடி முதலிலிருந்து பார்ப்பேன்.

போன மாதம் குழந்தை பள்ளி மைதானத்தில் ஓடும்போது விழுந்தாள். சிரித்துக்கொண்டே எழுந்துவிட்டாளாம். வெயில் என்றாள் அக்கா. நான் ஒன்றும் சொல்லவில்லை. நேற்று வகுப்பில், உட்கார்ந்திருந்தபடியே சாய்ந்திருக்கிறாள். தெரு முனை டாக்டர் ஒரு நிமிடம் பரிசோதித்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்று சத்து மாத்திரை கொடுத்தார். ஒரு நிமிடத்தில் அகப்படுவது அல்ல அது என்று உங்களுக்குத் தெரியும். எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக முப்பத்தொன்பதின் பிரதியைக் கொண்டுவந்திருக்கிறேன். இதைக் கையில் கொடுத்துவிட்டுக் காரணம் சொல்லாமல் இருக்க முடியாது. அதனால்தான் சொன்னேன்.

அக்காவும் குழந்தையும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். நல்ல உடம்புள்ள குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடக்கிறது என்று அக்காவிடம் சொல்லி அழைத்துவந்தேன். நான் சொன்னால் எதற்கும் வருவாள். கருவியை ஒட்டுங்கள். கோளாறு தெரிந்தால், தற்செயலாகக் கண்ணில் பட்டது என்று மட்டும் அக்காவிடம் சொல்லுங்கள். அத்தானைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். தெரிந்தால் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள்.

அந்த உறுதியை உங்களால் கொடுக்க முடியாது என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், டாக்டர். நான் இருவரையும் வீட்டுக்கு அழைத்துப் போய்விடுகிறேன்.