கறுப்பாக இருந்தால் புதுசு

ஆயிரத்து நூற்று நான்கு மணி நேரம். கார் பம்பரின் கறுப்பு பிளாஸ்டிக் வெயிலில் கிடந்து சாம்பல் நிறத்துக்கு வர அவ்வளவு நேரம் ஆகிறது. கடையின் மொட்டைமாடியில் வைத்து நானே எண்ணியிருக்கிறேன். ஸ்டேஷன் வாசலில் நிற்கும் உங்கள் ஜீப்பின் பம்பர் அதை எப்போதோ தாண்டிவிட்டது. யாரோ அதில் ஷூ பாலிஷ் தேய்த்திருக்கிறார்கள். மழையில் கரைந்து நம்பர் பலகை வரை கறை இறங்கியிருக்கிறது. உள்ளே வரும்போது பார்த்தேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை, மன்னிக்கவும்.

நான் அதிகம் பேசுகிறவள் அல்ல. கேட்டால் பதில் சொல்வேன். கேட்காவிட்டால் என்னிடமிருந்து ஒரு வார்த்தை வராது. இதை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

இறந்துபோனவர் என் அக்காவின் கணவர். அத்தான் என்று கூப்பிடுவேன். அவருடையதைக் கார் கழுவும் கடை என்று சொன்னால் கோபம் வரும். வெளுத்துப்போன வெளிப்புற பிளாஸ்டிக்கை மறுபடி கறுப்பாக்குவதுதான் எங்கள் தொழில்: பம்பர், பக்கக் கண்ணாடியின் கூடு, சக்கரத்துக்கு மேலே வளையும் பட்டை. நான் வேதியியல் படித்துவிட்டு இரண்டு வருடம் வேலை தேடினேன். நேர்காணலில் எனக்கு வாய் திறக்காது. "வீட்ல சும்மாதானே இருக்கா, நம்ம கடைக்கு வரட்டும்" என்று அத்தான்தான் கூட்டிவந்தார். நல்ல மனிதர் என்று எல்லாரும் சொன்னார்கள். இன்னும் சொல்கிறார்கள்.

அவருடைய வித்தையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பம்பரின் நடுவில் ஒரு டேப்பை ஒட்டுவார். ஒரு பாதியில் மட்டும் எண்ணெய் கலந்த மலிவான பாலிஷைத் தடவுவார். பிறகு வண்டிக்காரரைக் கூப்பிட்டு, டேப்பை மெதுவாக உரிப்பார். "இந்தப் பக்கம் உங்க வண்டி சார். இந்தப் பக்கம் நம்ம வண்டி. எது வேணும்?" வண்டிக்காரர் வாயைப் பிளப்பார். இது எத்தனை நாள் தாங்கும் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. டாக்டர் வந்தார், வக்கீல் வந்தார், கல்லூரியில் பாடம் நடத்துகிறவர் வந்தார். எல்லாரும் பளபளப்பைப் பார்த்துப் பல்லைக் காட்டினார்கள். மூன்று மழையில் அது போய்விடும். திரும்பி வருவார்கள். "வெயில் அப்படி சார்" என்பார் அத்தான். அவர்களும் வெயிலைத் திட்டிவிட்டு, மறுபடி தடவிக்கொண்டு போவார்கள்.

நான் கோபப்படவில்லை. ஆடு மாடுகளிடம் யாரும் கோபப்படுவதில்லை.

நிஜமாகவே தாங்கும் பூச்சு எது என்று தெரிந்துகொள்ள விரும்பினேன். பழைய பம்பர் ஒன்றை எட்டுத் துண்டாக அறுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பூச்சைப் போட்டு, பாதியை அலுமினியத் தாளால் மூடி மாடியில் வைத்தேன். நாளுக்கு ஆறு மணி நேரம், நூற்று எண்பத்து நான்கு நாள். அத்தான் மாடிக்கு வரும்போதெல்லாம், "என்னம்மா சயின்டிஸ்ட், ராக்கெட் எப்ப விடப்போற?" என்பார். ஆட்களிடம், "என் மச்சினிச்சி தண்ணி குடிக்கணும்னாக்கூட ஃபார்முலா எழுதிப் பார்த்துட்டுத்தான் குடிப்பா" என்பார்.

ஏழு துண்டுகள் வெளுத்தன. எட்டாவது மாறவே இல்லை. இரண்டு திரவங்களைக் கலந்து தெளிக்கும் பூச்சு அது. அத்தான் அந்தத் துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுவாரம் கடை முகப்பில் 'எங்கள் சொந்தக் கண்டுபிடிப்பு' என்று பலகை ஏறியது. "ஆறு மாசம் மாடியில தவம் கிடந்தேன் சார்" என்று வண்டிக்காரர்களிடம் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

இதனால்தான் செய்தேன் என்று எழுதாதீர்கள். அது சின்னத்தனம்.

அந்தப் பூச்சில் ஒரு சங்கடம் உண்டு. அதைக் கெட்டியாக்கும் திரவம் புகையாகப் பறந்தால் நுரையீரலுக்கு ஆகாது. மூடிய அறையில் தெளிப்பவர் முகமூடி போட வேண்டும். முகமூடியின் இரு கன்னத்திலும் திருகி மாட்டும் ஃபில்டர்களை நாற்பது மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். அத்தான் அதைப் படிக்கவில்லை. "அதெல்லாம் உன் டிபார்ட்மென்ட்" என்றார். தெளிப்பது அவர் மட்டும்தான். வேறு யாரையும் அந்தப் பூச்சு தெளிக்கும் துப்பாக்கியைத் தொட விடமாட்டார்.

முதல் ஜோடியை நாற்பதாவது மணி நேரத்தில் மாற்றினேன். இரண்டாவது ஜோடியையும் அப்படித்தான். மூன்றாவது ஜோடி ஜன்னல் ஓரத்து அலமாரியில் கிடந்ததால், உறைக்குள் இருந்தும் அதன் வெளிப்புறம் கொஞ்சம் வெளுத்திருந்தது. அத்தான் கையில் வாங்கிப் பார்த்தார்.

"என்ன இது, பழச என் தலையில கட்டப் பார்க்கிறியா?"

"புதுசு அத்தான். உறைய இப்பத்தான் பிரிச்சேன்."

"நம்ம தொழில் என்னம்மா? கறுப்பா இருந்தா புதுசு. வெளுத்துப்போனா பழசு. வண்டி கழுவுறவனுக்குக்கூடத் தெரியும். காலேஜ்ல இத மட்டும் சொல்லித் தரலியா?"

வண்டி கழுவுகிறவர் சிரித்தார். காத்திருந்த வண்டிக்காரர்கள் இருவரும் சிரித்தார்கள். ரசீது எழுதிக்கொண்டிருந்த அக்காவும் சிரித்துவிட்டு, பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தான் அந்த ஜோடியை அழுக்குத் தண்ணீர் வாளியில் போட்டார். கழற்றி வைத்திருந்த பழையதையே எடுத்து மாட்டிக்கொண்டார்.

அவருக்கு என்ன வேண்டும் என்று அன்று புரிந்துகொண்டேன். மாலையில் எல்லாரும் போன பிறகு அந்தப் பழைய ஜோடியைத் துடைத்து, அவருடைய மலிவான பாலிஷில் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்தேன். மறுநாள் கையில் வாங்கியதும் அவர் முகம் மலர்ந்தது. "பார்த்தியா, இதுதான் புதுசு. உனக்கும் கண்ணு தெறந்துருச்சு."

அதன் பிறகு மாற்றவில்லை. நாற்பது மணி நேரம் ஆகும்போதெல்லாம் பாலிஷ் போட்டுக் கொடுத்தேன். அவர் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். பிரிக்காத ஜோடிகள் என் மேசை இழுப்பறையில் அப்படியே இருக்கின்றன. எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

இதை ஒரு சோதனை என்றுதான் நினைத்தேன். எத்தனை மணி நேரத்தில் ஒரு மனிதனுக்குத் தெரியவரும்? அவ்வளவுதான் கேள்வி. நாற்பது, எண்பது, நூற்று இருபது என்று நோட்டில் தேதியோடு எழுதினேன். அதுதான் உங்கள் மேசைமேல் இருக்கிறது. நூறைத் தாண்டியதும் மாலையில் இருமல் வந்தது. நூற்று அறுபதில் படி ஏற மூச்சு வாங்கியது. டாக்டர் தூசு ஒவ்வாமை என்றார். அக்கா தலையணை உறைகளையெல்லாம் மாற்றினாள். உறையை மாற்றினார்கள், பாருங்கள். சுவரில் நான் எழுதி ஒட்டிய தாள் அவர் தலைக்கு ஓரடி மேலே இருந்தது. ஒரு முறை நிமிர்ந்து பார்த்திருந்தால் போதும். ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருந்தால் போதும். நான் பொய் சொல்கிறவள் அல்ல.

இருநூற்றுப் பதினாறாவது மணி நேரத்தில் விழுந்தார். ஒரு கம்பெனியின் பன்னிரண்டு வேன்கள் வந்திருந்தன. எட்டாவது வேனின் பின் பம்பரில் பாதி கறுப்பாகவும் பாதி சாம்பலாகவும் நிற்கிறது. இந்த முறை டேப் தேவைப்படவில்லை.

பதினேழு நாள் நான் எதுவும் சொல்லவில்லை. ஏன் என்றால் யாரும் கேட்கவில்லை. நீங்கள் கடைக்கு வந்தீர்கள். முகமூடியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தீர்கள். "ஃபில்டரெல்லாம் புத்தம் புதுசால்ல இருக்கு, அப்புறம் எப்படி?" என்று உங்கள் ஆளிடம் சொல்லிவிட்டு, இயற்கை மரணம் என்று எழுதிக்கொண்டு போனீர்கள். இத்தனை வருட சர்வீஸ், தோளில் இத்தனை நட்சத்திரம், நீங்களும் பளபளப்பைத்தான் பார்த்தீர்கள். அதைத் தாங்க முடியாமல்தான் நோட்டை எடுத்துக்கொண்டு நானே வந்தேன். குற்ற உணர்ச்சி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு சோதனையின் முடிவைத் தவறாக எழுதினால் எனக்குப் பொறுக்காது.

அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள் என்கிறீர்கள். அத்தான் விழுந்த அன்று காலை பத்தரை மணிக்கு அவர் தெளிப்பதை நிறுத்திவிட்டு வெளியே வந்து என்னிடம் ஏதோ பேசினார் என்று சொல்லியிருக்கிறாள். என்ன பேசினார் என்று கேட்கிறீர்கள். இரண்டாவது முறையாகக் கேட்கிறீர்கள்.

கேட்டால் சொல்வேன் என்றேன். சொல்கிறேன்.

வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். முகமூடியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். கன்னத்தில் அதன் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை, அதனால் வேடிக்கை எதுவும் பேசவில்லை. சயின்டிஸ்ட் என்றும் கூப்பிடவில்லை.

"ஏம்மா, இந்த ஃபில்டர் சரியாத்தானே இருக்கு? நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கு. எனக்கு இதெல்லாம் புரியாதும்மா. நீ படிச்சவ. நீ சொன்னா சரியா இருக்கும்."

நான் முகமூடியை வாங்கினேன். என் தோளில் கிடந்த துணியால் இரண்டு பக்கமும் ஒரு தடவை துடைத்தேன்.

"புதுசு அத்தான்" என்றேன். "இன்னிக்குக் காலைலதான் மாத்தினேன்."