தாய்மாமன் தோளில் மூணு நட்சத்திரம்

— இறக்கு புள்ள! மொதல்ல அந்தப் பிளக்ஸ இறக்கச் சொல்லு!

— போண்ணே! லீவுல வந்து பஸ்ஸவிட்டு எறங்குன கையோட இந்தக் கத்தலா? என் மவன் காதுகுத்துக்குத் தாய்மாமன் படத்த வைக்காம வேற யாரு படத்த வைக்கிறதாம்? பண்ணைக்காடே நின்னு பாத்துட்டுப் போகுது.

— ‘கேப்டன் திருமலைச்சாமி’ன்னு போட்டிருக்கு. நான் வெறும் ஹவில்தாருதான், புள்ள!

— ரெண்டும் பட்டாளந்தானே? கேப்டன்னாத்தான் கெத்துன்னான் கடக்காரன்.

— தோளப் பாரு, மூணு நட்சத்திரம். எனக்குக் கையில மூணு பட்டை. நான் சிப்பாயாச் சேந்து, பதினெட்டு வருசத்துல ஒவ்வொரு பட்டையா ஏறுனவன். கேப்டனுங்க ஜனாதிபதி குடுத்த அதிகாரத்தோட ஆபீசராவே உள்ள வாறவங்க. மொத நாளே நான் சல்யூட் அடிக்கணும்.

— மீச மொளைக்காத பயலுக்குமா?

— அடிச்சிருக்கேன். மனசாரத்தான் அடிச்சேன்.

— கேப்டன் தங்கச்சின்னு நேத்துத்தாண்ணே என் மாமியா மொத மொதல்ல எனக்குக் காப்பி போட்டுக் குடுத்துச்சு. இப்ப இறக்குனா என் மானம் போயிரும். விசேசம் முடியட்டும்.

— பேசாத! இல்லாத நட்சத்திரத்தக் குத்துனா என் வேலையே போயிரும். ஆமா, தலைதான் என்னோடது. உடம்பு யாருது?

— போன வருசம் நீ வாட்சப்புல அனுப்புன போட்டோதான். நீயும் இன்னொருத்தரும் நின்னீகள்ல? அவரு தோள்ல நட்சத்திரம் இருந்துச்சு. கடக்காரன் அவரு தலைய வெட்டிட்டு ஒன் தலைய ஒட்டிட்டான்.

— தலைய வெட்டிட்டானா…

— அண்ணே! ஏன் இப்பிடி ரோட்டுலயே உக்காந்துட்ட?

— புள்ள, அவரு எங்க கேப்டன் சாப். மாசியில பனி சரிஞ்சு அவர மூடிருச்சு. பன்னெண்டு நாளு கழிச்சு நாந்தான் தோண்டி எடுத்தேன்.

— அய்யோ! எனக்கு எப்பிடிண்ணே தெரியும்?

— அவங்கம்மா கோயமுத்தூர்ல இருந்து இன்னிக்கு வாறாங்க. நாந்தான் விசேசத்துக்குக் கூப்புட்டேன். வெரசா ஏணியக் கொண்டா!

— அண்ணே… அந்தா, அந்தப் பச்சச் சேலக்காரம்மா… வெள்ளனே வந்து எறங்குனாங்க. அப்பருந்து இதையேதான் பாத்துட்டு நிக்கிறாங்க.

— அம்மா! மன்னிச்சிருங்கம்மா, தெரியாம நடந்துபோச்சு. இப்பவே கழட்டிர்றேன்…

— இருக்கட்டும் கண்ணு, கழட்டாதீங்க. எங்களுக்குப் பெட்டிய மூடியேதான் குடுத்தாங்க. எம்பையன் கைய இன்னிக்குத்தானுங்க பாக்கறேன்.