ஒன்பதாம் கட்டிலில் இருந்தவள்

மதியம் இரண்டு மணி பத்து நிமிடம். மெஷின் கத்துகிறது. விட்டுவிட்டு அல்ல, இதயம் நின்றால் கத்துவது போல ஒரே சத்தமாக. கவச உடையில் இரண்டு பேர் ஓடி வருகிறார்கள். யார் டாக்டர், யார் நர்ஸ், தெரியவில்லை. ஒன்பதாம் கட்டில் முன்னால் ஒருவர் கையை நீட்டி மற்றவரைத் தடுக்கிறார்.

"ஒம்பத்தக்கே பேடா! டேப் இதே, நோடு!"

ஒன்பதுக்கு வேண்டாம், டேப் இருக்கிறது பார் என்கிறார். கட்டிலில் கவிதா. முப்பத்திரண்டு வயது. மாஸ்க்கோடு கவிழ்ந்து படுத்திருக்கிறாள். முகம் தெரியாது. நான் பத்தாம் கட்டிலில். காலையில் ஒன்பதில் கிடந்தது நான்.

நடந்ததைச் சொல்கிறேன். மைசூரில் கொரோனா இரண்டாம் அலை. மே மாதம். டிவியில் இதைப் போர் என்றார்கள். நான் மண்டி மொஹல்லாவில் மெஸ் நடத்துகிறவள். அறுபத்தாறு வயது. சர்க்கரை, கிட்னி, ஊரில் உள்ள வியாதியெல்லாம் என்னிடம் உண்டு. வார்டில் இருபது கட்டில். பார்த்துக்கொள்ள நான்கு பேர்.

காலை எட்டரைக்குப் பெரிய டாக்டர் வந்தார். நான் தூங்குவதாக நினைத்து என் கால்மாட்டிலேயே நின்று பேசினார். எல்லோருக்கும் ஓட ஆள் இல்லை. பிழைக்கக்கூடியவர்களுக்கு ஓடுங்கள். டேப் ஒட்டிய கட்டிலில் இதயம் நின்றால் நெஞ்சை அழுத்த வேண்டாம். வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதைச் சொன்னதற்காக அவரை நான் திட்ட மாட்டேன். பிறகு டேப் கிழியும் சத்தம். என் கட்டில் கம்பியில் ஒட்டினார்கள். சிவப்பு டேப்.

பயந்தேன். டேப்பை உரித்தால் வேறு ஒட்டுவார்கள். ஐந்து மணி நேரம் அதையே பார்த்துக் கிடந்தேன்.

அப்போது பத்தாம் கட்டிலில் கவிதா. தமிழ்நாட்டு எல்லைப் பக்கம் ஹனூர்க்காரி. கார்மெண்ட்ஸில் தையல் வேலை. தேறி வருகிறாள் என்று முந்தின நாள்தான் சொல்லியிருந்தார்கள். ஒன்றரை மணி. ஷிஃப்ட் மாறும் நேரம். வார்டில் நர்ஸ் யாரும் இல்லை.

"கண்ணு, எனக்கு அடிக்கடி பாத்ரூம் போகணும். உன் கட்டில்தான் பக்கம். மாத்திக்கலாமா?"

"அதுக்கென்னுங்கம்மா. நீங்க இங்க வந்து படுத்துக்குங்க."

என்னைக் கைத்தாங்கலாக நடத்தி வந்ததும் அவள்தான். அவளுக்கு மூச்சு இரைத்தது. டேப்பைப் பற்றி நான் சொல்லவில்லை. அவளுக்கு எதுவும் ஆகாது என்று நினைத்தேன். நான் தப்பித்தால் போதும் என்றும் நினைத்தேன்.

இப்போது மெஷின் கத்துகிறது. திரையை இழுக்கிறார்கள். நான் வாயைத் திறந்தால் டேப் என் கட்டிலுக்கு வரும். சுவரில் கடிகாரம். நொடி முள் மூன்று முறை சுற்றுகிறது. அதற்குப் பிறகுதான் மாஸ்க்கைப் பிடுங்கிவிட்டுக் கத்தினேன்.

"அவளல்லா! டேப் நந்து! டேப் என்னோடது!"

அவளைத் திருப்பிப் போட்டு, கட்டிலில் ஏறி நெஞ்சை அழுத்தினார்கள். எலும்பு முறியும் சத்தம் கேட்டது. இரண்டே முக்காலுக்கு நிறுத்தினார்கள்.

உடனே அழுத்தியிருந்தாலும் பிழைத்திருப்பாள் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். என்னைத் திட்டவில்லை. அன்று மாலையே டேப்பைக் கட்டிலில் ஒட்டுவதை நிறுத்தி, மணிக்கட்டில் சுற்றினார்கள். எனக்கும் சுற்றினார்கள். என் இதயம் நிற்கவே இல்லை. மூன்றாவது வாரம் வீட்டுக்கு வந்தேன்.

கவிதாவின் கணவன் என் நம்பரைத் தேடி வாங்கிப் பேசினான்.

"கடைசீல நீங்க பக்கத்துலயே இருந்தீங்களாமா. அது போதுங்கம்மா."

"ஆமாப்பா" என்றேன். போனை வைத்துவிட்டேன். இதைப் படித்தால்தான் அவனுக்கு மீதி தெரியும்.

அன்று எங்கள் வார்டில் போனவர்கள் மூன்று பேர். நான்காம் கட்டில், பெயர் தெரியாது. பதினேழாம் கட்டில், பள்ளிக்கூட டீச்சர். ஒன்பதாம் கட்டில், கவிதா. அவளுக்கு இரண்டு பெண் குழந்தைகள், ஏழு வயது, நான்கு வயது. அவளுக்காக ஓட ஆள் இருந்தது. மூன்று நிமிடம் நான் பேசாமல் இருந்தேன். அதையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.