ரோஜா மார்க் மூடி

கடையில் எனக்குப் பிடித்த வேலை, வாஷர்களை அளவுவாரியாகப் பிரித்துப் போடுவது. அதற்கு யாருடனும் பேச வேண்டியதில்லை. பத்தாவதோடு நான் படிப்பை விட்டதும் அதனால்தான், மேடம். வகுப்பில் எழுப்பிக் கேள்வி கேட்டால் எனக்குப் பேச வராது.

கடை திண்டிவனத்தில். அப்பா பெயர் சக்கரபாணி. முன்னால் குழாய், தாழ்ப்பாள், கீல். பின்கட்டில் மணல், ஜல்லி, அப்பாவே வார்க்கும் கான்கிரீட் சம்ப் மூடிகள். வருகிறவர்களிடம் பேசுவது அக்கா ரோஜா. அவள் பேசினால் தாழ்ப்பாளுக்கு வந்தவர் கதவும் வாங்கிப் போவார்.

சென்னையில் வேலை கிடைத்திருப்பதாக என்னிடம் மட்டும் சொன்னாள். அப்பா விடமாட்டார், சொல்லாமல் போகிறேன் என்றாள். "இனிமே கல்லாவுல நீதான் உக்காரணும். வாயத் தொறடி, முத்து ஒண்ணும் கொட்டிடாது" என்று சிரித்தாள்.

பின்கட்டில் தரைக்கடியில் தண்ணீர் இல்லாத பழைய சம்ப் தொட்டி ஒன்று உண்டு. பையை அதற்குள் ஒளித்து வைத்திருந்தாள். மறுநாள் மதியம் அதை எடுக்க ஏணி வைத்து இறங்கினாள். நான் மேலே நின்று அவள் போனில் டார்ச் அடித்தேன். பிறகு ஏணியை இழுத்துக்கொண்டு மூடியைத் தள்ளி மூடினேன். சென்னை பஸ் போகும்வரை இருக்கட்டும் என்றுதான்.

உள்ளிருந்து தட்டினாள். அதற்குள் மணல் லோடு வந்துவிட்டது. லாரி சத்தத்தில் தட்டுவது கேட்கவில்லை. எங்கே கொட்டுவது என்று டிரைவர் கேட்க, அப்பா சம்ப் இருந்த மூலையைக் காட்டினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்குத்தான் பேச வராதே.

சாயங்காலம் மணல்மேல் காதை வைத்துப் பார்த்தேன். சத்தம் இல்லை. அவள் கோபம் தணிந்திருக்கும் என்று நினைத்தேன்.

அவள் ஓடிப்போய்விட்டாள் என்று எல்லோரும் பேசினார்கள். அப்பா தேடி அலுத்து, மூடிகளில் அவள் முகத்தை அச்சாகப் பதிக்கத் தொடங்கினார். "எந்த ஊர்ல வீடு கட்டினாலும் அவ மொகம் இருக்கும். பாத்தா அப்பன் நெனப்பு வரும். வந்துடுவா."

புது மூடிகளைத் தண்ணீர் ஊற்றி நனைப்பது என் வேலை. அவள் கண்களில் தண்ணீர் தேங்கும். துடைத்துவிடுவேன். வாங்க வருகிறவர்கள் விரிசல் பார்க்க விரல் முட்டியால் தட்டுவார்கள். அப்போது மட்டும் கல்லாவை விட்டு எழுந்து போய்விடுவேன். மணல் குறைந்தால், அடுத்த லோடு வேண்டும் என்று நானே அப்பாவிடம் சொல்வேன்.

அந்த முகத்தை வேறு யாரும் போட்டு விற்கக் கூடாதென்று டிரேட்மார்க் பதிய விழுப்புரம் போனோம். ஏஜென்ட் நேமிநாதன் படத்தைப் பார்த்தார்.

"உயிரோட இருக்கறவங்கன்னா அவங்க சம்மதம் வேணுங்க. தவறிட்டாங்கன்னா குடும்பத்துல நீங்க கையெழுத்துப் போட்டா போதும்."

"அவளே வந்து போடுவா சார். அதுக்குத்தானே காத்துக்கினு இருக்கேன்."

அப்பாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "நீயே போட்டுடுப்பா" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் நேராகப் பின்கட்டுக்குப் போய் மணல் முன்னால் நின்றார்.

"இத்தினி நாளா இத ஒரு தடவகூட கொறைய விடலியேடி நீ."

மண்வெட்டியை எடுத்தார். நான் தடுக்கவில்லை. மூடி தெரிந்ததும் ஏணி எங்கே என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன்.

நான் அக்காவுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை, இன்ஸ்பெக்டர் மேடம். அவள் வீட்டை விட்டுப் போய்விட்டாள் என்று ஊரே பேசியது. போகவிடாமல் பார்த்துக்கொண்டவள் நான் ஒருத்திதான்.